அடைப்புக்குறிக்குள் ‘மற்றவர்’: பொஸ்னியாவின் நிலம், மக்கள், அரசு குறித்து ஒரு வாசிப்பு

1

நாடுகளைப் பற்றிய கையேடுகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில் எழுதப்படுகின்றன. முதலில் நிலம்: பரப்பு, மலை, ஆறு, தட்பவெப்பம். அடுத்து மக்கள்: எத்தனை பேர், என்ன மதம், என்ன மொழி. கடைசியில் அரசு: நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம். பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் தொடங்கி தூதரகக் குறிப்பேடு வரை இந்த வரிசை மாறுவதில்லை. வெறும் வரிசைதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரிசையே ஒரு வாதம்தான். நிலம் ஏற்கெனவே கிடந்தது. அதன்மேல் மக்கள் வந்து தங்கினார்கள். தங்கியவர்கள் தமக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்டார்கள் என்ற கதையை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நிலமும் மக்களும் இயற்கை, அரசு அவற்றின் விளைவு என்று நம்மை நம்பவைத்துவிடுகிறது.

தென்கிழக்கு ஐரோப்பாவின் சிறிய நாடுகளில் ஒன்றான பொஸ்னியா-ஹெர்செகோவினாவைப் பொறுத்தமட்டில் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்தால்தான் ஏதாவது விளங்கும். 1992இலிருந்து 1995 வரை நடந்த போருக்குப் பிந்தைய பொஸ்னியாவில் அரசு ஒரு காகிதத்தில் முதலில் எழுதப்பட்டது. அந்த எழுத்துக்குத் தோதாக மக்கள் வகுக்கப்பட்டார்கள். அந்த வகுப்புக்குத் தோதாக நிலத்தின் குறுக்கே கோடு இழுக்கப்பட்டது. கையேடோ கோட்டை நிலம் என்றும், வகுப்பை மக்கள் என்றும் பெயர் சூட்டி, ‘அந்த நாடு அப்படித்தான்’ என்று கைகழுவிவிடுகிறது.

அந்தக் காகிதத்தை, அதாவது பொஸ்னியாவின் அரசியல் சட்டத்தை, ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசித்துப் பார்ப்பதுதான் இங்கே முயற்சி. அதன் முகப்புரையில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. அதற்குள் இருப்பவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி.

2

முதலில் நிலம். பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மலை, தினாரிக் ஆல்ப்ஸ் தொடர். வடக்கே சாவா ஆறு, கிழக்கே திரினா ஆறு. நடுவே ஓடும் பொஸ்னா ஆற்றின் பெயர் நாட்டுக்கு. தெற்கே ஹெர்செகோவினா, சுண்ணாம்புப் பாறையும் வெயிலுமான பூமி. 15ஆம் நூற்றாண்டுத் தலைவன் ஒருவன் சூடிக்கொண்ட ‘ஹெர்செக்’ என்ற பட்டத்திலிருந்து அதற்குப் பெயர். அட்ரியாட்டிக் கடலில் நேயும் என்ற இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் மட்டும் கடற்கரை. அதற்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது துப்ரோவ்னிக் குடியரசு தனக்கும் வெனிஸுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்று இந்தத் துண்டை ஒட்டோமான்களிடம் விட்டுக்கொடுத்தது. வெனிஸ் குடியரசும் இல்லை, துப்ரோவ்னிக் குடியரசும் இல்லை, ஒட்டோமான் பேரரசும் இல்லை. கடற்கரை மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றிப்போகத்தான் குரோஷியா 2022இல் பெலியெஷாத்ஸ் பாலத்தைத் திறந்தது.

பொஸ்னியா என்பதே செயற்கையான நாடு, ஒட்டுப்போட்டது, அதனால்தான் கிழிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வெளி எல்லைகளைப் பார்த்தால் இது நிற்காது. 1463 முதல் ஒட்டோமான் ஆட்சியிலும், 1878 முதல் ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியிலும், பிறகு யூகோஸ்லாவியக் குடியரசுகளில் ஒன்றாகவும் அந்த எல்லைகள் பெரும்பாலும் நிலைத்தே வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு இவ்வளவு பழைய எல்லை கிடையாது. செயற்கையானது வெளிக்கோடு அல்ல, உட்கோடு.

உட்கோடு 1995 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேய்ட்டன் நகருக்கு அருகேயுள்ள ஒரு விமானப்படைத் தளத்தில் வரையப்பட்டது. நாட்டை இரண்டு ‘உறுப்பமைப்புகளாக’ அது பிரிக்கிறது: பொஸ்னியாக்கரும் குரோஷியரும் பெரும்பான்மையாக உள்ள கூட்டாட்சிக்கு 51 விழுக்காடு, செர்பியரின் ‘ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்கா’வுக்கு 49 விழுக்காடு. கோட்டின் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆற்றையோ மலைமுகட்டையோ பின்பற்றி அது போகவில்லை. போர்நிறுத்தத்தின்போது யார் படை எங்கே நின்றதோ அதுதான் அடிப்படை. அதன்மேல் பேரம்.

பேரத்தை நடத்திய ரிச்சர்ட் ஹோல்ப்ரூக் தன் நூலிலேயே இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். கணினித் திரையில் பொஸ்னியாவின் மேலே பறப்பதுபோலக் காட்டும் ஒரு இராணுவ வரைபடக் கருவி இருந்தது. அதன் முன்னால் விஸ்கிக் கோப்பையோடு உட்கார்ந்துதான் கொராஜ்தே நகருக்குப் போகும் பாதையின் அகலத்தை மிலொஷெவிச் விட்டுக்கொடுத்தார். பேச்சுவார்த்தைக்காரர்கள் அந்தப் பாதைக்கு விஸ்கியின் பெயரையே வைத்தார்கள். கடைசி நாட்களில் கணக்குப் பார்த்தால் விகிதம் 51-49 ஆக இல்லை, செர்பியர் பக்கம் குறைகிறது. என்ன செய்வது? ஆளரவம் அதிகமில்லாத மலைப்பகுதி ஒன்றைத் தேடிப்பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார்கள். கணக்கு நேராயிற்று. விழுக்காடு முதலில், நிலம் பிறகு.

இந்தக் கோடு தரையில் இறங்கியபோது என்ன ஆயிற்று என்பதற்கு சரயேவோவின் தொப்ரின்யா குடியிருப்பு சாட்சி. வரைபடத்தில் மெல்லிய பென்சில் தடம். அங்கே போய்ப் பார்த்தால் அடுக்குமாடி வீடுகளுக்குள் புகுந்து போகிறது. கோட்டை எங்கே நகர்த்துவது என்று தீர்க்க 2001 வரை நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

திணைகள் தமக்குள் மயங்கலாம், ஆனால் நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பியப் பொருளதிகாரம் சொல்லும் விதி. பொஸ்னியாவில் மயங்கிக் கிடந்தது மக்களின் வாழ்வு. அந்த மயக்கத்தைச் சிறுத்தைத் தோலுக்கு ஒப்பிடுவார்கள். ஒரு கிராமம் இப்படி, அடுத்த கிராமம் அப்படி, நகரத்தில் ஒரே மாடிப்படியில் எல்லாரும். இந்தத் தோலை இரண்டு நிறத் துணியாக வெட்ட முடியாது. வெட்ட வேண்டுமானால் முதலில் புள்ளிகளை அகற்ற வேண்டும். போர் செய்தது அதைத்தான். சுமார் 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி, வீட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். 1992 மே மாத இறுதியில் பிரியேதோர் நகரில் செர்பியர் அல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. அந்த ஸ்ரெப்ரெனிட்சா டேய்ட்டன் கோட்டின்படி ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவுக்குள் இருக்கிறது. கையேட்டின் ‘நிலம்’ என்ற தலைப்பின்கீழ் 49 விழுக்காடு என்று படிக்கும்போது நாம் படிப்பது இதைத்தான்.

3

அடுத்து மக்கள். இங்கே ஒரு சொல்வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘பொஸ்னியர்’ என்றால் அந்த நாட்டவர் யாரும். ‘பொஸ்னியாக்கர்’ என்றால் முஸ்லிம் மரபில் வரும் ஒரு மக்களினம். நமது செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டுக் குழப்பின.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருப்பதை எண்ணுகிறது என்பது ஓர் ஐதீகம். கேள்வித்தாளில் எத்தனை கட்டம் போட்டிருக்கிறதோ அத்தனை வகை மனிதர்கள்தான் வெளியே வருவார்கள். 1948இல் பொஸ்னிய முஸ்லிம் ஒருவர் தன்னைச் செர்பிய முஸ்லிம் என்றோ, குரோஷிய முஸ்லிம் என்றோ, ‘தீர்மானிக்காத’ முஸ்லிம் என்றோ எழுதலாம். பெரும்பான்மையோர் தீர்மானிக்காதவர்களாகவே நின்றார்கள். 1953இல் அந்தக் கட்டமும் போய், தீர்மானிக்காத யூகோஸ்லாவியர் ஆனார்கள். 1961இல் ‘இன அர்த்தத்தில் முஸ்லிம்’. 1971இல் ‘தேசிய அர்த்தத்தில் முஸ்லிம்’. அவர்கள் எழுத்தில் மதத்தைக் குறித்தால் சிறிய எழுத்தில் தொடங்கும் முஸ்லிம், தேசியத்தைக் குறித்தால் பெரிய எழுத்தில் தொடங்கும் முஸ்லிம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் இந்த வேறுபாட்டை நம்மால் எழுதிக்காட்டக்கூட முடியாது. நாத்திகரான ஒரு கம்யூனிஸ்ட் பெரிய எழுத்து முஸ்லிமாக இருந்தார். அல்பேனியாவின் தொழுகையாளி சிறிய எழுத்து முஸ்லிம் மட்டுமே. 1993 செப்டம்பரில், முற்றுகையிடப்பட்ட சரயேவோவில் கூடிய பேரவை ‘பொஸ்னியாக்’ என்ற பெயரை ஏற்றது. ஐம்பது வருடத்துக்குள் ஒரே குடும்பத்துக்கு ஐந்து பெயர். குடும்பம் அதே வீட்டில்தான் இருந்தது, வீடு எரிக்கப்படும்வரை.

1991 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 43 லட்சத்து 77 ஆயிரம். முஸ்லிம்கள் 43.5 விழுக்காடு, செர்பியர் 31.2, குரோஷியர் 17.4. இன்னொரு வகையும் இருந்தது: ‘யூகோஸ்லாவியர்’, 5.5 விழுக்காடு. கலப்பு மணம் செய்துகொண்டவர்கள், அவர்கள் பிள்ளைகள், எந்தக் கட்டமும் வேண்டாம் என்றவர்கள். 2013இல் அடுத்த கணக்கெடுப்பு. மக்கள்தொகை 35 லட்சத்து 31 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. பொஸ்னியாக்கர் 50.11, செர்பியர் 30.78, குரோஷியர் 15.43. முடிவை வெளியிடவே 2016 ஆயிற்று. ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்கா அதை ஏற்கவும் இல்லை. அந்த .11க்காகத்தான் இத்தனை சண்டை. யூகோஸ்லாவியர் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாடு போனபின் கட்டமும் போயிற்று.

மொழியையும் பார்த்துவிடலாம். பொஸ்னியாவில் சிகரெட் பெட்டியின் மேல் ‘புகைப்பது கொல்லும்’ என்ற எச்சரிக்கை மூன்று அரசு மொழிகளிலும் அச்சிடப்பட்டிருந்தது: பொஸ்னிய மொழி, குரோஷிய மொழி, செர்பிய மொழி. முதல் இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூன்றாவது அதே வாக்கியம், சிரிலிக் லிபியில். இதைக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிப்போடு விட்டுவிட முடியாது. இதே தர்க்கத்தின் பேரில் ‘ஒரே கூரையின்கீழ் இரண்டு பள்ளிகள்’ என்ற ஏற்பாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் ஓடின. ஒரே கட்டடம். குரோஷியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், பொஸ்னியாக் பிள்ளைகளுக்கு வேறு பாடத்திட்டம். வேறு வாசல், அல்லது வேறு நேரம். 2017 மார்ச்சில் சரயேவோவில் எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் இந்த மொழிகளெல்லாம் ஒரே பொதுமொழியின் வடிவங்கள்தான் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டபோது, மூன்று தரப்புத் தேசியவாதிகளும் ஒரே குரலில் அதைத் திட்டினார்கள். ஒரே குரலில், அநேகமாக ஒரே மொழியில்.

4

‘தொன்றுதொட்டு வந்த பகை’ என்ற சொல்லாடல் போர்க்காலத்தில் மேற்குலகில் பரவியிருந்தது. ராபர்ட் கப்லானின் ‘பால்கன் கோஸ்ட்ஸ்’ என்ற பயணநூல் 1993இல் வந்தது. வாஷிங்டனில் அது படிக்கப்பட்டது, தலையிடத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. பால்கன் பகுதியை ஐரோப்பா தன் அழுக்கையெல்லாம் ஏற்றிவைக்கும் இடமாக எப்படிக் கட்டமைத்தது என்பதை மரியா தொதரோவா 1997இல் விரிவாக எழுதினார். இந்தச் சொல்லாடலுக்கு இலக்கியச் சாட்சியாக இழுக்கப்பட்டவர் நோபல் பரிசு பெற்ற இவோ ஆந்த்ரிச். 1946இல் வெளியான ‘1920ஆம் ஆண்டின் கடிதம்’ என்ற அவரது கதையில் மாக்ஸ் லெவென்ஃபெல்ட் என்ற இளம் மருத்துவன், பொஸ்னியா வெறுப்பின் பூமி என்று நண்பனுக்கு எழுதுகிறான். சரயேவோ இரவில் வெவ்வேறு மதங்களின் கோயில் மணிகள் ஒரே நேரத்தை வெவ்வேறு நேரங்களில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்ததாகச் சொல்கிறான். போர்க்காலத்தில் இந்தக் கடிதம் எடுத்து எடுத்துக் காட்டப்பட்டது. பார்த்தீர்களா, அவர்களின் பெரிய எழுத்தாளனே சொல்லியிருக்கிறான் என்று.

இது வாசிப்பு அல்ல, கத்தரிப்பு. கடிதத்தை எழுதியது ஆந்த்ரிச் அல்ல, ஒரு பாத்திரம். அதைவிட முக்கியம், கதை கடிதத்தோடு முடியவில்லை. வெறுப்பிலிருந்து தப்புவதாக மாக்ஸ் பொஸ்னியாவை விட்டு பாரிசுக்குப் போகிறான். அங்கே ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறான். பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைக்குத் தொண்டனாகப் போகிறான். அங்கே மருத்துவமனைமேல் நடந்த விமானக் குண்டுவீச்சில் செத்துப்போகிறான். வெறுப்பு ஏதோ ஒரு மலைநாட்டின் தட்பவெப்பம் என்று நம்பி ஓடியவனை, ஐரோப்பாவின் நட்டநடுவில், நவீன இயந்திரத்தில் ஏறிவந்து அது கொல்கிறது. கடைசிப் பத்தி முழுக் கடிதத்தையும் கவிழ்த்துப்போடுகிறது. கடிதத்தை மேற்கோள் காட்டியவர்கள் அந்தக் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள்.

ஆந்த்ரிச்சைக் காப்பாற்றுவது என் வேலை அல்ல. பொஸ்னிய முஸ்லிம்களை அவர் சித்தரித்த விதம் குறித்து அங்கே கடுமையான விவாதம் உண்டு. அது நியாயமான விவாதமும்கூட. நான் சொல்லவருவது, வாசிப்பில் செய்யப்படும் வெட்டு அரசியலில் செய்யப்படும் வெட்டுக்குத் தயார்படுத்துகிறது என்பது. இவர்கள் எப்போதும் இப்படித்தான் என்று ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால், இவர்களைப் பிரித்துவைப்பதுதான் மருந்து என்ற முடிவு தானாக வந்துவிடும். நார்வே மானிடவியலாளர் தோனெ பிரிங்கா 1980களில் ஒரு மத்திய பொஸ்னியக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து 1995இல் நூலாக வெளியிட்டார். அங்கே ‘கொம்ஷிலுக்’ என்றொரு சொல் புழங்குகிறது. துருக்கியிலிருந்து வந்த சொல், அண்டைஅயல் உறவு என்று பொருள். பண்டிகைக்குப் போவது, சாவுக்குப் போவது, காப்பிக்குக் கூப்பிடுவது, வீடு கட்டக் கைகொடுப்பது. அது அன்பு அல்ல, முறை. வித்தியாசத்தை ஒளிக்காமல், வித்தியாசத்தோடு புழங்குகிற முறை. அதே கிராமத்தில் 1993இல் அந்த உறவு நாளுக்கு நாள் முறிவதை அவர் ஒரு ஆவணப்படத்தில் காட்டினார். உறவு இருந்தது என்பதும் உண்மை, முறிந்தது என்பதும் உண்மை. ‘தொன்றுதொட்ட பகை’க்காரர்களுக்கு முதல் பாதி தெரியாது. ‘எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்’ என்று உருகுகிறவர்களுக்கு இரண்டாம் பாதி தெரியாது.

5

இப்போது அரசு. பொஸ்னியாவின் அரசியல் சட்டம் டேய்ட்டன் சமாதான ஒப்பந்தத்தின் 4ஆம் இணைப்பு. ஒரு நாட்டின் மூலச் சட்டம் இன்னொரு ஆவணத்தின் பின்னிணைப்பு. எந்த அரசியல் நிர்ணய சபையும் அதை விவாதிக்கவில்லை. எந்த வாக்கெடுப்புக்கும் அது போகவில்லை. வெளிநாட்டுச் சட்ட வல்லுநர்கள் ஆங்கிலத்தில் வரைந்தார்கள். 1995 டிசம்பர் 14 அன்று பாரிசில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மூவர்: இஸெத்பெகோவிச், துஜ்மன், மிலொஷெவிச். பின்னிருவரும் பக்கத்து நாடுகளின் அதிபர்கள்.

முகப்புரையின் கடைசி வரியில் இந்தச் சட்டத்தை இயற்றிக்கொள்வதாகச் சொல்பவர்கள் யார் யார் என்று வருகிறது. ‘அமைப்பு மக்கள்’ என்ற தகுதியில் பொஸ்னியாக்கர், குரோஷியர், செர்பியர். அதன்பின் ஓர் அடைப்புக்குறி திறக்கிறது, அதற்குள் ‘மற்றவரோடும்’ என்று ஒரு சொற்றொடர், அடைப்புக்குறி மூடுகிறது. பிறகு குடிமக்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி இருக்கிறது. 1943 நவம்பரில், நாஜி எதிர்ப்புப் போரின் நடுவே, பொஸ்னியாவின் பாசிச எதிர்ப்பு மன்றம் ம்ர்கொஞிச் கிராத் என்ற ஊரில் கூடி ஒரு தீர்மானம் போட்டது. பொஸ்னியா செர்பியருடையதும் அல்ல, குரோஷியருடையதும் அல்ல, முஸ்லிம்களுடையதும் அல்ல. செர்பியருடையதும் குரோஷியருடையதும் முஸ்லிம்களுடையதும் ஆகும் என்பது அதன் சாரம். நம் இலக்கணத்தில் சொன்னால் இந்த ‘உம்’ எண்ணும்மை. எண்ணி அடுக்குவது, அடுக்கியபின் எல்லோருக்கும் எல்லாமும் பொது. மூன்று ‘அல்ல’ போட்டபிறகு வருகிற மூன்று ‘உம்’ என்பதால், எவனும் தனியாக உரிமை கொண்டாட முடியாது. டேய்ட்டன் பிரதியின் அடைப்புக்குறிக்குள் வருவதோ எச்சவும்மை. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தபிறகு மிஞ்சியதைச் சுட்டுவது. 1943 தீர்மானத்திலும் யூதர், ரோமா பெயர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது எச்சத்தை ஒரு சட்ட வகையாக ஆக்கவில்லை. டேய்ட்டன் ஆக்கியது.

ஆக்கியதன் விளைவு அடுத்தடுத்த விதிகளில் தெரிகிறது. நாட்டுக்கு ஒரு அதிபர் இல்லை, மூவர். ஒரு பொஸ்னியாக்கரும் ஒரு குரோஷியரும் கூட்டாட்சியிலிருந்து. ஒரு செர்பியர் ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவிலிருந்து. தலைமை எட்டு மாதத்துக்கு ஒருமுறை சுற்றிவரும். மேலவையான மக்களவை 15 பேர்: ஐந்து, ஐந்து, ஐந்து. ‘உயிர்நிலை நலன்’ என்று சொல்லி எந்தத் தரப்பும் எந்தச் சட்டத்தையும் முடக்கலாம். இதற்குக் கீழே இரண்டு உறுப்பமைப்புகள், கூட்டாட்சிக்குள் 10 கன்டோன்கள், தனியே பிர்ச்கோ மாவட்டம். முப்பத்தைந்து லட்சம் பேருக்கு 14 சட்டமன்றம். கொடியில் உடன்பாடு வராததால் 1998இல் சர்வதேச உயர் பிரதிநிதி ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்து நீட்டினார். 1999இல் ஏற்கப்பட்ட தேசிய கீதத்துக்கு மெட்டு உண்டு, சொல் கிடையாது.

கையேடுகள் இந்த இடத்தில் ‘உலகின் மிகச் சிக்கலான ஆட்சிமுறை’ என்று எழுதி நகர்ந்துவிடும். சிக்கல் அல்ல பிரச்சினை. இந்தக் கணக்கில் யார் வரவே முடியாது என்பதுதான் பிரச்சினை. டெர்வோ செய்திச் ஒரு ரோமா. யாகோப் ஃபின்சி ஒரு யூதர். ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்ட செபார்டிக் யூதர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே சரயேவோவுக்கு வந்து வேர்விட்டவர்கள். ஃபின்சி 1943இல் ராப் தீவின் வதைமுகாமில் பிறந்தவர். சரயேவோ 1992 ஏப்ரலிலிருந்து 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது, யூதர்களின் ‘லா பெனெவொலென்சியா’ சங்கம் எந்த மதம் என்று பார்க்காமல் மருந்தும் உணவும் கொடுத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் அவர். பின்னாளில் பொஸ்னியாவின் தூதராக சுவிட்சர்லாந்தில் இருந்தார். நாட்டுக்கு வெளியே நாட்டின் முகமாக இருக்கலாம், நாட்டுக்குள் அதிபர் தேர்தலுக்கு மனு போட முடியாது. ஏன்? அவர் ‘மற்றவர்’.

இருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பர் 22 அன்று, இது பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. 2014இல் அஸ்ரா சோர்னிச் என்பவரின் வழக்கு: நான் எந்த இனமும் இல்லை, பொஸ்னியக் குடிமகள் என்று மட்டுமே சொல்லிக்கொள்வேன் என்றவர். அவருக்கும் வெற்றி. 2016இல் இலியாஸ் பிலாவ் வழக்கு: ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் பொஸ்னியாக்கர், மருத்துவர், படுகொலையில் தப்பியவர். ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவில் வாழ்வதால் அவரும் அதிபர் அவைக்குப் போட்டியிட முடியாது. அவருக்கும் வெற்றி. இதே போலக் கூட்டாட்சியில் வாழும் செர்பியரும் போட்டியிட முடியாது. ஆக, அமைப்பு மக்களே கோட்டின் தவறான பக்கத்தில் வாழ்ந்தால் ‘மற்றவர்’ ஆகிவிடுகிறார்கள். வழக்குகள் வென்றன. ஆனால் 2010, 2014, 2018, 2022 பொதுத்தேர்தல்கள் நான்கும் பழைய விதியின்படியே நடந்தன. 2023இல், வாக்காளர் என்ற முறையிலேயே தான் பாதிக்கப்படுவதாக இன்னொருவர் வாதிட்டு வென்ற தீர்ப்பை, அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 2025இல், மனுவே ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளியது. நீதிமன்றத்தை நம்பி மட்டும் அடைப்புக்குறியை அழித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த அமைப்பின் மேலே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்: சர்வதேச உயர் பிரதிநிதி. 1997 டிசம்பரில் பான் நகரில் கூடிய வல்லரசுகள், சட்டம் இயற்றவும் அதிகாரிகளை நீக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுத்தன. பாடி ஆஷ்டவுன் 2004 ஜூன் 30 அன்று ஒரே நாளில் 59 பேரைப் பதவிநீக்கினார். 2022 அக்டோபர் 2 தேர்தல் இரவில், வாக்குச்சாவடி மூடிய கையோடு, கிறிஸ்தியான் ஷ்மிட் தேர்தல் சட்டத்தையே மாற்றினார். ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவின் தலைவர் மிலொராத் தோதிக், உயர் பிரதிநிதியின் ஆணைகளை மீறியதற்காக 2025இல் தண்டிக்கப்பட்டுப் பதவி இழந்தார். தோதிக்கின் பிரிவினை அரசியலுக்கு அழ யாருக்கும் கண்ணீர் இல்லை. ஆனால் ஜனநாயகத்தைக் காப்பாற்ற ஒரு ராஜப்பிரதிநிதி, ராஜப்பிரதிநிதியை எதிர்க்க ஓர் இனத்தலைவன் என்று இரண்டே நாற்காலி போடப்பட்ட மேடையில் மக்களுக்கு எங்கே இடம்?

6

இந்த இடத்தில் ஓர் எளிய முடிவு வாசலில் நிற்கிறது: இன அடையாளங்களைத் தூக்கியெறி, எல்லாரும் குடிமக்கள், ஆளுக்கொரு வாக்கு, தீர்ந்தது. அதை அப்படியே உள்ளே விட முடியாது.

காரணம், அச்சம் முழுவதும் கட்டுக்கதை அல்ல. 1941-45இல் பொஸ்னியா உஸ்தாஷாக்களின் பொம்மை அரசான குரோஷியாவோடு சேர்க்கப்பட்டிருந்தது. யாசெனோவாட்ஸ் முகாமிலும் வெளியிலும் செர்பியர், யூதர், ரோமா மக்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவை 1990களில் மிலொஷெவிச்சும் கராஜிச்சும் ஆயுதமாக்கினார்கள். ஆயுதமாக்கினார்கள் என்பதால் நினைவு பொய்யாகிவிடாது. இன்னொன்று: 50.11 விழுக்காடு உள்ளவர்கள் ‘குடிமகன்’ என்று சொல்லும்போதும் 15 விழுக்காடு உள்ளவர்கள் அதைக் கேட்கும்போதும் அந்தச் சொல் ஒரே சொல் அல்ல. பெரும்பான்மை தன் அடையாளத்தைச் சொல்லவேண்டிய தேவையே இல்லாதது. பொது என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு அது நடமாடும். பொஸ்னியக் குரோஷியக் கட்சிகள், பெரும்பாலும் பொஸ்னியாக்கர் வாக்கில் குரோஷிய இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெல்கோ கொம்ஷிச்சைச் சுட்டி எழுப்பிய புகாரில் தந்திரமும் உண்டு, இந்த அச்சமும் உண்டு.

எனவே, அடையாளத்தைச் சட்டம் ஏற்கலாமா கூடாதா என்பது கேள்வி அல்ல. எதற்காக ஏற்கிறது என்பதுதான். ஒடுக்கப்பட்டவர்கள் அதிகாரத்தில் தம் பங்கைக் கேட்பதற்காக அடையாளத்தை ஏற்பது ஒன்று. ஆயுதம் வைத்திருந்தவர்கள் பிடித்த இடத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்காக ஏற்பது வேறு. முன்னது வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே கொண்டுவருகிறது. பின்னது உள்ளே இருந்தவர்களுக்குக் கதவு போட்டுக்கொடுத்துவிட்டு, மிஞ்சியவனை அடைப்புக்குறிக்குள் தள்ளுகிறது. டேய்ட்டன் சட்டத்தில் மிகவும் ஒடுக்கப்பட்ட ரோமா மக்களுக்கு இடமே இல்லை என்பது தற்செயல் அல்ல. அவர்களிடம் படை இல்லை. படை இல்லாதவர்களுக்கு 51உம் இல்லை 49உம் இல்லை.

இதை அங்குள்ள சாதாரண ஜனங்கள் கோட்பாட்டாளர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 2013இல் பிறப்புப் பதிவுக்கான அடையாள எண் சட்டம் காலாவதியானது. எண்ணில் வரும் வட்டாரக் குறியீடு உறுப்பமைப்புக் கோட்டின்படி இருக்க வேண்டுமா கூடாதா என்ற சண்டையில் புதுச் சட்டம் வரவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு எண் இல்லை, எண் இல்லாததால் கடவுச்சீட்டு இல்லை. வெளிநாட்டுச் சிகிச்சை தேவைப்பட்ட மூன்று மாதக் குழந்தைக்காக ஜூன் மாதம் தாய்மார்கள் தள்ளுவண்டிகளோடு சரயேவோ நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். டேய்ட்டனில் வரைந்த கோடு பதினெட்டு வருடம் கழித்துத் தொட்டில்வரை வந்துவிட்டது.

2014 பிப்ரவரியில் துஸ்லா நகரில், தனியார்மயத்தில் சூறையாடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கிளர்ச்சி பல நகரங்களுக்குப் பரவியது; கன்டோன் அரசுகள் ராஜினாமா செய்தன. நகர மண்டபங்களில் ‘பிளெனும்’ என்ற திறந்த பேரவைகள் கூடின. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு ஒரு வாக்கு, எந்த இனம் என்று கேட்க ஆளில்லை. பதவி போனபிறகும் அரசியல்வாதிகள் வாங்கிவந்த சம்பளத்தை அங்கே ‘வெள்ளை ரொட்டி’ என்பார்கள். சில கன்டோன்களில் பேரவைகள் அதை ரத்துசெய்ய வைத்தன. அப்போது எழுந்த முழக்கம் ஒன்று: மூன்று மொழியிலும் எங்களுக்குப் பசிக்கிறது. சிகரெட் பெட்டியின் மூன்று வரிக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை எந்த விமர்சகனும் எழுதவில்லை. பேரவைகள் சில மாதங்களில் ஓய்ந்துபோயின. கட்சிகள் திரும்பி வந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யாய்ட்ஸே என்ற சிறுநகரத்தில் பொஸ்னியாக் மாணவர்களுக்கென்று தனிப் பள்ளி திறக்க அதிகாரிகள் திட்டமிட்டபோது, அங்கே படித்த பொஸ்னியாக், குரோஷியப் பிள்ளைகள் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் தாங்கள் யாரும் பொஸ்னியாக்கர் அல்ல, குரோஷியர் அல்ல என்று சொல்லவில்லை. எங்களைப் பிரிக்காதே என்று மட்டும் சொன்னார்கள். 1943 தீர்மானத்தின் எண்ணும்மையை அந்தப் பிள்ளைகள் படித்திருக்கவேண்டிய அவசியமில்லை; அதைத்தான் பேசினார்கள்.

பொஸ்னியாவைப் பற்றிய அடுத்த கையேட்டிலும் நிலம், மக்கள், அரசு என்ற வரிசைதான் இருக்கப்போகிறது. அதைப் படிக்கிறவர்கள் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். அரசு என்ற தலைப்பில் அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அதற்குள் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன்பிறகுதான் மக்கள் என்ற தலைப்பில் உள்ள விழுக்காடுகளையும், நிலம் என்ற தலைப்பில் உள்ள கோட்டையும் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.